கல்யாண மண்டபத்தில் விட்டுவந்த பெட்டி

மார்ச் 2

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். மெயில்ல வாடை வராதுன்னு தவக்களை சொன்னான். அதை நம்பித்தான் எழுதுறேன்.

தவக்களைன்னா யாருன்னு கேப்பீங்க. என் கூட்டாளி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாத்து மேய்க்கிறோம். எப்பப் பாத்தாலும் தண்ணியில முட்டி நனையக் குந்தியிருப்பான், அதான் அந்தப் பேரு. ஆறாவது வரைக்கும் படிச்சவன். அந்த ஆறாவதை வெச்சுக்கிட்டு அவன் பண்ற அதிகாரம் இருக்கே, அதைத் தனியா ஒரு நாள் சொல்லணும். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன். லாரி முதுகையும் கடை போர்டையும் பாத்து எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டேன். எழுத வராது. இப்ப நான் வாயால சொல்லச் சொல்ல போன் எழுதிக்குது. நடுவுல வாத்து கத்தினா அதையும் எழுதப் பாக்குது, தவக்களை அழிச்சு விடுறான்.

உங்க மெயில் விலாசம் கல்யாணப் பத்திரிகையில இருந்தது. நீங்களே டைப் அடிச்ச பத்திரிகை, தகரப் பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன். உங்க போன் நம்பரும் அதுல இருக்கு. பேசினா எனக்குக் கொரல் ஒசந்துடும். அதான் எழுத்து.

விஷயம் என்னன்னா, எந்த பிரவுசர் நல்லது? நீங்க கோர்ட்டுல முப்பது வருஷம் டைப் அடிச்சவங்க, வீட்டுல கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க, தெரியும்னு கேக்குறேன். இங்க கரையில இதை வெச்சுத்தான் நாலு நாளா எங்களுக்குள்ள சண்டை. தவக்களை போன்ல நரி படம் போட்டது ஒண்ணு வெச்சிருக்கான். நம்ம பின்னாடியே யாரும் மோப்பம் பிடிச்சு வராம பாத்துக்குமாம். நான் சொன்னேன், ஏண்டா, வாத்து மேய்க்கிறவன் நரியை மடியில கட்டிக்கிட்டுத் திரியலாமா, கூட்டுக்குத் தெரிஞ்சா முட்டை வெக்குமான்னு. கூட்டுன்னா எங்க வாத்துக் கூட்டம். என் போன்ல வாங்கும்போதே இருந்தது நாலு கலர் வட்டம். எல்லாத்தையும் திறக்குது, ஆனா ஒரு கோடுதான் சிக்னல் இருக்கிற இடத்துல அது யோசிக்கிற யோசனை, நான் கூட்டை ஒரு தடவை எண்ணி முடிச்சுடலாம். லேசானது ஒண்ணு இருக்கு, சட்டுனு வருது, படமெல்லாம் கலங்கின தண்ணி மாதிரி தெரியுது. இன்னொண்ணு, பக்கத்தை அதுவே சத்தமாப் படிச்சுக் காட்டும்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் ஆசை.

அதே மாதிரி மெயிலும். நாலு அஞ்சு கம்பெனி இருக்கே, எந்தப் பெட்டி நல்லது? ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடம் மாத்துறவனுக்கு எது தோது? வாய்க்கால் மாதிரி பிரவுசர், குட்டை மாதிரி மெயில்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். எந்த வாய்க்கால்ல போனாலும் அதே குட்டைக்குப் போய்ச் சேருமா?

சாயங்காலம் ஆச்சு, கூட்டை அழைக்கணும். ஒவ்வொரு வாத்துக்காரனுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. என்னது தோ தோ தோவ்வா. தவக்களை தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணு அசையாது. நான் ஒரு தடவை கூப்பிட்டா ஆயிரத்து இருநூறும் கரையேறும்.

வேற எதுவும் நான் கேக்கல. யாரைப் பத்தியும் கேக்கல. கேக்கலங்கிறதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

இப்படிக்கு,
வாத்துக்காரர்


மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்ட கேள்விக்கு முதலில் பதில்.

உங்கள் நிலைமைக்கு ஒரு பிரவுசர் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் குறைவான இடத்தில் லேசானதைத் திறங்கள். படம் கலங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது எழுத்து. நல்ல சிக்னலும் சார்ஜும் இருக்கும்போது சத்தமாகப் படிக்கிறதைப் பயன்படுத்துங்கள். நாலு கலர் வட்டம் போனோடு வந்தது, அது பாட்டுக்கு இருக்கட்டும். நரியைப் பற்றி உங்கள் கூட்டாளி சொன்னது சரிதான். நானும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத்தான் வைத்திருக்கிறேன். செருப்பு வாங்கலாமா என்று ஒரு தடவை பார்த்ததற்காக மூன்று மாதம் செருப்பு விளம்பரம் என்னைத் துரத்தியது. நரி வந்த பிறகு அது குறைந்தது.

மெயிலில் மூன்று விஷயம் பாருங்கள். வேண்டாத கடிதத்தைத் தானே பிரித்து ஒதுக்குகிறதா? போன் தொலைந்தாலும் திரும்ப உள்ளே போக வழி வைத்திருக்கிறதா? நெடுநாள் திறக்காவிட்டால் மூடிவிடுமா, எத்தனை நாளில்? சிலவற்றில் விளம்பரம் பக்கவாட்டில் வந்து நிற்கும், சிலவற்றில் நிற்காது. அது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி என் பேச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு பிரவுசர் கேக்கவா எழுதினீங்க? வாடை வராதுன்னு முதல் வரியிலயே குத்தியிருக்கீங்க. மண்டபத்துல போட்டோ எடுக்கும்போது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாத்து வாடை வருது"ன்னு சொன்னது என் வாய்தான். அதுக்காக நான் உங்களுக்கு மெயில் எழுதினேன். மூணு நாள் யோசிச்சு எழுதினேன். கோர்ட்டுல ஆயிரம் பேருக்கு மனு அடிச்சுக் குடுத்தவ, எனக்காக அடிச்ச ஒரே மனு அது. பதில் இல்லை. உங்க பொண்ணு கடல் தாண்டிப் போனதுலேர்ந்து உங்களுக்கு எழுதிக்கிட்டே இருக்கா. பதில் இல்லை. பழைய நம்பருக்குப் போன் பண்ணினா அப்படி ஒரு நம்பரே இல்லேங்குது. அவ என்கிட்டப் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, "அப்பா எழுதினாராத்தை?" நான் என்னன்னு சொல்ல?

நீங்கள் எனக்கு எழுதியதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு நம்பிக்கையைக் கொடுத்துப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடுதாசியை அந்தப் படிக்கிற பிரவுசரை ஏத்தி அதுலயே கேட்டேன். நீங்க திட்டினதையும் அது சாந்தமா, பஸ் ஸ்டாண்டுல வண்டி நம்பர் சொல்ற மாதிரி சொல்லிச்சு. தவக்களை சிரிச்சான். நான் சிரிக்கல. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். "எழுதிக்கிட்டே இருக்கா"ங்கிற எடத்துல நிறுத்தச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டேன்.

சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஒரு கடுதாசியும் வரல. உங்களதும் வரல, அவளதும் வரல. நான் பெட்டி பாக்காம இருக்கிற ஆளா? ஒவ்வொரு எடத்துலயும் போனவுடனே முதல் வேலை கூடாரம், ரெண்டாவது வேலை மெயில் பெட்டி. தவக்களை புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடுவான். வரிசையா சொல்றேன் கேளுங்க.

மதகு ஓரத்துல போட்டது ஒண்ணு. அது நல்ல பெட்டி, சத்தம் போடாது, விளம்பரம் கிடையாது. அங்கேர்ந்து கெளம்பும்போது மதகு திறக்கிறவர்கிட்ட, எனக்கு ஏதாவது வந்தா எடுத்து வெய்யுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மனுஷன் சரி சரின்னு தலையாட்டினார். அப்புறம் செங்கல் சூளைப் பக்கம் போட்டது, அதுல பக்கவாட்டுல எப்பவும் ஒரு பொம்பளை ஷாம்பு வித்துக்கிட்டு நிப்பா. சவுக்குத் தோப்புல போட்டது தினம் வந்து நீ யாரு நீ யாருன்னு கேக்கும், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பாலத்துக்கு அடியில போட்டது கடுதாசியை அறை அறையாப் பிரிச்சு வெக்கும், வாத்துக்குஞ்சைத் தனியா அடைக்கிற மாதிரி, எனக்கு அது பிடிச்சிருந்தது, ஆனா நாப்பது நாள்ல தீவனம் தீர்ந்து போச்சு, விட்டுட்டு வந்துட்டோம். இப்படி இதோட ஒம்பது பெட்டி. எந்தப் பெட்டியிலயும் எனக்குன்னு ஒரு மனுஷன் எழுதினது கெடையாது. வந்ததெல்லாம் பரிசு விழுந்திருக்குன்னு.

எடம் மாறினா பெட்டி மாறணும்தானே? தபால்காரர் சூளைக்கு வந்த கடுதாசியைப் பாலத்துக்கா கொண்டு வருவார்? தவக்களை பின்கோடு எல்லாம் சொல்லி எனக்கு வெளக்கியிருக்கான்.

போன் நம்பர் போனதுக்குக் காரணம், கல்யாணம் முடிஞ்சு பத்தாம் நாள் போன் வாய்க்கால்ல விழுந்துச்சு. ஒரு பெட்டை வாத்துக்குப் பின்னாடி ஓடினேன், அது தப்பிச்சுது, போன் முழுகிச்சு. எல்லா நம்பரும் அதுலதான்.

அவ எழுதலைன்னு ரெண்டு வருஷமா நான் வயித்தெரிச்சலோட கிடந்தேன். எழுதினாளா? என்ன எழுதினா? இப்ப கேக்குறேன் சம்பந்தியம்மா. வெக்கத்தை விட்டுட்டுக் கேக்குறேன். எம் பொண்ணு எப்படி இருக்கா?


மார்ச் 7

சம்பந்தி அவர்களுக்கு,

ஒன்பது பெட்டியா?

நான் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதகு திறக்கிறவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நிதானமாகக் கேளுங்கள். கூட்டாளியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மெயில் பெட்டி எந்த இடத்திலும் இருப்பதில்லை. நீங்கள் மதகோரத்தில் போட்டது மதகோரத்தில் இல்லை. சூளையில் போட்டது சூளையில் இல்லை. எந்தப் பெட்டியையும் எந்தக் கரையிலிருந்தும், எந்தப் போனிலிருந்தும், எந்தப் பிரவுசரிலிருந்தும் திறக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தால் போதும். எந்த வாய்க்காலில் போனாலும் அதே குட்டைக்குப் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தீர்களே, சேரும். நீங்கள் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். என் கோபத்தில் நான் அதைக் கவனிக்காமல் செருப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் எழுதியது இந்த ஒன்பதுக்கும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் உட்கார்ந்து உங்கள் பெண் உங்களுக்கு ஒரு பெட்டி போட்டாளே, அதற்கு. உங்களுக்கு அது நினைவிருக்கிறதா? அதன் விலாசம் என்னிடம் இருக்கிறது, கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒரு கவலையும் இருக்கிறது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் யாரும் உள்ளே போகாத பெட்டியை மூடிவிடுவார்களாம். மூடினால் உள்ளே இருப்பதும் போய்விடும். வருகிற மாதம் நாலாம் தேதியோடு இரண்டு வருஷம். பாஸ்வேர்ட் தெரியுமா?

நன்றாக இருக்கிறாள். மீதியை அவள் எழுத்திலேயே படியுங்கள். நான் சொன்னால் அது என் பேச்சாகிவிடும்.


மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு,

அந்தப் பெட்டி நினைவிருக்கு. மண்டபத்துலயே விட்டுட்டு வந்துட்டோம்னு நினைச்சேன். வேற கல்யாணக்காரங்க எடுத்துக்கிட்டிருப்பாங்கன்னு.

தவக்களை ரெண்டு நாளா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறான். ஆறாவது படிச்ச திமிரெல்லாம் எறங்கிப் போச்சு. நேத்து அவனா வந்து, "அண்ணே, நான்தானே உன்னைக் கெடுத்தேன்"னான். "விடுடா, நீயாவது பெட்டி போட்டே. நான் போடவே தெரியாதவன்"னு சொல்லி வெத்து டீ போட்டுக் குடுத்தேன். பால் இல்ல.

பாஸ்வேர்ட் தெரியாது. மத்த ஒம்பதுக்கும் தெரியும், அந்தந்த எடத்துல கூட்டை எண்ணினப்போ எத்தனை இருந்துச்சோ அதுதான். மதகுல ஆயிரத்து நாப்பத்தாறு. சூளையில கீரி பிடிச்சதுபோக ஆயிரத்து முப்பத்தொம்பது. வாத்துக்காரன் எண்ணிக்கையை மறக்க மாட்டான். ஆனா மண்டபத்துப் பெட்டிக்கு அவ வெச்ச பூட்டு. கல்யாணம் முடிஞ்சு அவங்க ஊருக்குக் கெளம்பின அன்னைக்கு ரயிலடியில அவ வந்து, "அப்பா, ஒரு நிமிஷம், ஒண்ணு சொல்லணும்"னா. உங்க பேச்சு எனக்குள்ள கொதிச்சுக்கிட்டிருந்தது. அவ மன்னிப்புக் கேக்கப் போறா, இல்லேன்னா உங்களுக்குப் பரிஞ்சு பேசப் போறான்னு நினைச்சு, "சொல்றதைத் தண்ணிகிட்டச் சொல்லு"ன்னுட்டு நடந்துட்டேன். திரும்பிப் பாக்கல. அந்த ஒரு நிமிஷத்தைக் குடுக்காத பாவிதான் நான்.

சரி. இன்னைக்கு மத்தியானம் கூட்டு நிழல்ல கெடந்தப்போ தவக்களை 'மறந்துவிட்டேன்'ங்கிறதை அமுக்கினான். வேற ஒரு விலாசத்துக்கு ஆறு நம்பர் அனுப்பியிருக்கோம், அதைப் போடுன்னு வருது. அந்த விலாசம் முதல் எழுத்து ஒண்ணு, கடைசி எழுத்து ஒண்ணு, நடுவுல எல்லாம் நட்சத்திரம். யாரோட விலாசம்னு தெரியல. பத்து நிமிஷத்துல நம்பர் செத்துப் போச்சு. இனி என்ன பண்றது? நாலாம் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. எண்ணிக்கிட்டிருக்கேன்.


மார்ச் 9

சம்பந்தி!

அது யார் விலாசம் என்று இன்னுமா தெரியவில்லை? உங்கள் பெண்ணுடையது! பெட்டி போடும்போது, அப்பா எப்படியும் மறந்துவிடுவார் என்று மாற்று வழிக்குத் தன் விலாசத்தைக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் கடிதம் வருவதற்குள் அவள் போன் வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாய் ஒன்றுமே புரியவில்லை. "அத்தை, யாரோ அப்பா பெட்டியைத் திறக்கப் பாக்குறாங்க. எனக்கு நம்பர் வந்திருக்கு!" என்றாள். "திருடனா இருந்தா என்னடி பண்றது?" என்று கேட்டேன், அவள் வாயைக் கிளற. "திருடன் இல்லத்தை. எங்கப்பா கதவைத் தட்டுறாரு" என்றாள்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது பெட்டியையும் சேர்த்து. மதகுக்காரர் கதை வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பின்னால் என் மகன் என்ன என்ன என்று கேட்பது கேட்டது.

நாளை பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தயாராக இருங்கள். அவள் என்னோடு லைனில் இருப்பாள். நீங்கள் அமுக்குங்கள். அவளுக்கு வரும் நம்பரை அவள் எனக்குச் சொல்வாள், நான் உங்களுக்கு அடித்து அனுப்புவேன். பத்து நிமிஷம் ரொம்பத் தாராளம். சிக்னல் உள்ள மேட்டில் நில்லுங்கள். போனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.


மார்ச் 10, பகல் 12.02

அமுக்கியாச்சு. மேட்டு மேல நிக்கிறேன். தவக்களை வாத்தைப் பாத்துக்குறான்.


மார்ச் 10, பகல் 12.04

4 1 7 0 9 3. அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூச்சு விடுங்கள்.


மார்ச் 10, பகல் 12.09

தொறந்துடுச்சு


மார்ச் 12

சம்பந்தியம்மாவுக்கு,

நாப்பத்திமூணு கடுதாசி. நாப்பத்தொண்ணு அவ, ரெண்டு நீங்க. நான் மூணு தடவை எண்ணினேன், தவக்களை ஒரு தடவை எண்ணினான். கணக்கு சரியா வந்தது.

நீங்க அவ நம்பரை அனுப்பியிருந்தீங்க. தவக்களையைக் கூப்பிட்டு, இதை எழுதி உன் சட்டைப் பையில வெச்சுக்கோ, நான் கேக்குற வரைக்கும் குடுக்காதேன்னு சொல்லிட்டேன். தப்பா நினைக்காதீங்க. அவகிட்டயும் சொல்லுங்க. அன்னைக்கு அவ பேச வந்தப்போ நான் காது குடுக்கல. இப்ப அவ சொன்னது அத்தனையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் என் வாயைத் தொறக்கணும். ரெண்டு வருஷப் பேச்சுக்கு நடுவுல பூந்து நான் ஆரம்பிச்சா, திரும்பவும் அவளைப் பேச விடாத மாதிரிதானே.

முதல் கடுதாசியைச் சத்தமாப் படிக்கிற பிரவுசர்ல போட்டேன். ரெண்டு வரி கேட்டுட்டு நிறுத்திட்டேன். உங்க திட்டுக்கு அந்தக் கொரல் பரவால்ல. எம் பொண்ணு "அப்பா"ன்னு எழுதினதை அது "அப்பா"ன்னு சொல்லல, ஒரு ஊர்ப் பேரைச் சொல்ற மாதிரி சொல்லிச்சு. அதனால லேசான பிரவுசரைத் தொறந்து எழுத்தைப் பெருசாக்கி, வெரலை வெச்சு நானே கூட்டிப் படிக்கிறேன். தெரியாத எழுத்துக்குத் தவக்களை. ஒரு கடுதாசிக்கு ஒரு மணி நேரம் ஆகுது. ஆகட்டும். நரி ஒண்ணைத்தான் இன்னும் நான் தொடல. நீங்க வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் அது மேல கோவம் கொறைஞ்சிருக்கு.

எனக்குப் பேத்தி இருக்கா! நீங்க வாயே தொறக்கலையே! மேல இருந்த கடுதாசியில நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடந்துட்டான்னு இருக்கு. வாத்துக்குஞ்சு மாதிரி கையை விரிச்சுக்கிட்டு நடக்குறாளாம். அடுத்த கடுதாசியில அவ தவழுறா. அதுக்கு அடுத்ததுல குப்புற விழுறா. நேத்துப் படிச்சதுல பல்லே காணோம். என்ன சம்பந்தியம்மா இது, அந்த ஊர்ல கொழந்தைங்க இப்படித்தான் வளருமா?


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

ஐயோ! நான் சொல்ல மறந்துவிட்டேன். மெயில் பெட்டியில் கடைசியாய் வந்ததுதான் மேலே நிற்கும். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், அதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. அடியிலிருந்து மேலே படிக்கவேண்டும். நீங்கள் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

உங்கள் பெண்ணிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "விடுங்கத்தை, அப்படியே படிக்கட்டும். எங்கப்பா கூட்டை எண்ணும்போது நடுவுல பேசினா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு" என்றாள். நம்பர் விஷயத்தையும் சொன்னேன். "ரெண்டு வருஷம் காத்திருந்தேன், இது என்ன பத்து நாள்" என்றாள். அவசரமே இல்லாத மாதிரி சொன்னாள். ஆனால் தினம் இரண்டு தடவை போன் செய்து, அப்பா எத்தனாவது கடிதத்தில் இருக்கிறார் என்று கேட்கிறாள்.

ஒன்று சொல்லவேண்டும். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம். கம்ப்யூட்டர் முன்னால் தினம் உட்காருகிறேன், யாருக்கும் பயன்படாமல். நீங்கள் பிரவுசர் கேட்டு எழுதிய அன்று கோபம் வந்தது உண்மை. ஆனால் உங்களுக்காக ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எது லேசு எது கனம் என்று குறித்து வைத்தபோது, கோர்ட்டில் மனு எழுத வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தது போல மனசு நிறைந்திருந்தது. என்னிடம் வந்து கேட்டதற்கு நன்றி.

தலைகீழாகப் போனால் என் இரண்டு கடிதங்களும் கடைசிப் பக்கமாய் வரும். இரண்டாவது கோபத்தில் எழுதியது, பதில் வராததால். அதைத் தாண்டிப் போய்விடுங்கள். முதலாவதைப் படியுங்கள்.


மார்ச் 21

சம்பந்தியம்மாவுக்கு,

முடிச்சுட்டேன்.

தலைகீழாவே படிச்சேன். பாதியில திரும்ப எனக்கு மனசில்ல. நீங்க நம்ப மாட்டீங்க, அதுலதான் ஒரு சொகம் இருந்தது. பேத்தி சின்னவளாகிக்கிட்டே வந்தா. ஒரு நாள் பொறந்தா. அன்னைக்குக் கரையில நான் எந்திரிச்சு நின்னுட்டேன், தவக்களை பாம்புன்னு நினைச்சுக் கம்பை எடுத்துட்டான். அப்புறம் அவ வயித்துக்குள்ள போயிட்டா. எம் பொண்ணு மசக்கையில வாந்தி எடுத்தா, உங்க மகன் ராத்திரி பகல்னு பாக்காம பக்கத்துல இருந்ததை எழுதியிருந்தா. மாப்பிள்ளை நல்லவர் சம்பந்தியம்மா. அதை நான் ஒரு கடுதாசியும் படிக்காமலேயே தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம், ஆனா எனக்கு இருபத்தேழு கடுதாசி தேவைப்பட்டுச்சு. அப்புறம் அவளுக்கு வேலை கெடைச்சது, அதுக்கு முந்தி வேலை இல்லாம அழுதது, அதுக்கு முந்தி அந்த ஊரு குளிரு, அதுக்கு முந்தி கப்பல் மாதிரி பெரிய ஏர்போர்ட்டு. ஒவ்வொரு கடுதாசி முடிவுலயும், "அப்பா, கூட்டு எப்படி இருக்கு?"ன்னு ஒரு வரி. நாப்பத்தொரு தடவை கேட்டிருக்கா.

உங்க ரெண்டாவது கடுதாசியைத் தாண்டிப் போகச் சொன்னீங்க. தாண்டல. படிச்சேன். நல்லாத் திட்டியிருக்கீங்க. பதில் போடாத மனுஷனுக்கு அது வேணும். முதல் கடுதாசியை ரெண்டு நாள் வெச்சுப் படிச்சேன். "நான் நாலு பேர் முன்னால் உங்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன், உங்கள் பெண்ணை எனக்குக் கொடுத்த கையை நான் பார்க்கவில்லை"ன்னு அடிச்சிருக்கீங்களே. அந்த ஒரு வரி ரெண்டு வருஷமா எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு, நான் கரை கரையா உங்களைக் கறுவிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு அது தீர்ந்து போச்சு. உங்களுக்கும் தீரணும். அந்த போட்டோவை எனக்கு ஒண்ணு அனுப்புங்க. நான் தள்ளி நிக்கிறதே இருக்கட்டும். நின்னேனில்ல, அது போதும்.

அதுக்கும் கீழ, அடியில அவளோட முதல் கடுதாசி. ரயில்லேர்ந்து எழுதியிருக்கா, வண்டி கெளம்பி ஒரு மணி நேரத்துல. தவக்களைகிட்டக் காட்டாம நானே கூட்டிப் படிச்சேன். அதை அப்படியே சொல்றேன்.

"அப்பா, கோவத்துல போயிட்டீங்க. நான் சொல்ல வந்தது வேற ஒண்ணும் இல்லப்பா. உங்க மெயில் பாஸ்வேர்டைத்தான் சொல்ல வந்தேன். இங்கிலீஷ் எழுத்துல தோ தோ தோவ்வா. உங்களுக்கு மறக்காதுன்னுதான் அதை வெச்சேன்."

அதுக்குக் கீழ அந்தக் கூட்டு வரி. அவ்வளவுதான். ரெண்டு வருஷமா நான் பயந்த பேச்சு அதுதான். நானும் தெனம் சாயங்காலம் கரையில நின்னு அதையேதான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தேன், சம்பந்தியம்மா. எல்லாக் கரையிலயும் கத்தினேன். பூட்டுக்குள்ளயே சாவியை வெச்சு அனுப்பின எம் பொண்ணையும் பாருங்க, எனக்குப் பொறந்தவதானே.

பெட்டி இனி ஒண்ணே ஒண்ணுதான். மத்த ஒம்பதையும் தவக்களை மூடிட்டான். பழைய பாஸ்வேர்டையே திரும்ப வெச்சாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சதுல தப்பில்ல. ஆயிரத்து இருநூறு வாத்துக்குத் தெரியும், அதுல ஒண்ணும் வெளிய சொல்லாது. உங்க பேச்சைக் கேட்டு நரியையும் ஏத்திட்டேன், கூட்டுக்கு மட்டும் இன்னும் சொல்லல.

மணி அஞ்சரை. தவக்களை சட்டைப் பையிலேர்ந்து நம்பரை எடுத்துக் குடுத்துட்டான். வேர்வையில ஒரு நம்பர் அழிஞ்சிருந்தது, உங்க மெயிலைப் பாத்துச் சரி பண்ணிக்கிட்டோம். உங்களுக்குப் பெரிய நன்றி. அதை எத்தனை தடவை சொல்றதுன்னு தெரியல, எண்ண ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வெய்யுங்க. ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். பேத்தியைக் காதுகிட்ட வெச்சுக்கச் சொல்லுங்க. அது கூட்டைக் கரையேத்துற நேரம். போனைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் கத்தப் போறேன்.